ஆம்னியில் பாடாத பாட்டு

அத்தியாயம் 6

மாரீஸ்வரன் ஓர் அயோக்கியனாக இருக்க வேண்டும் என்று துப்பறியும் மோகனசுந்தரம் மனதார ஆசைப்பட்டான்.

அயோக்கியன் என்றால் உயிரோடு இருப்பான். பெண்டாட்டியை விட்டுவிட்டு எவளோடோ திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் படுத்துக் கிடப்பான். தேடிப் போய் நாலு வார்த்தை திட்டலாம். நல்லவனாக இருந்துவிட்டால் அந்த வசதி இல்லை. மூணாறில் டாக்ஸி ஓட்டும் ஒரு நல்லவன், வீட்டில் ஒரு சொல் சொல்லாமல், போன் அணைந்த நிலையில், ஒரு வாரமாகக் காணவில்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. அந்த அர்த்தத்தை அவன் மனைவியிடம் சொல்ல வேண்டிய ஆளும் மோகனசுந்தரம்தான்.

தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், சித்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல் இருக்கும் அவன் ஆபீசுக்குப் பெரும்பாலும் வருவது மாப்பிள்ளை விசாரணைகள். குடிப்பானா, வேலை நிஜமா, வேறு எங்காவது குடும்பம் இருக்கிறதா. அதில் யாரும் செத்துப் போவதில்லை.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தைத் திடலில் மாரீஸ்வரனின் வெள்ளை ஆம்னி வேன் நின்றிருந்தது. சந்தைக்கு வந்த வியாபாரி ஒருவர் அதன் பம்பரில் இரண்டு எருமைகளைக் கட்டியிருந்தார். சந்தை கலைந்தது, எருமைகள் விற்றுப்போயின, வண்டி மட்டும் போகவில்லை. பிறகுதான் போலீஸ் அதை இழுத்து வந்து ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடிபட்ட மணல் லாரிகளுக்கு நடுவே நிறுத்தியது.

"மூணு மணிக்கு எஸ்.ஐ. சாரு வந்துருவாருங்க, மோகன்," என்றார் ஏட்டு சென்னிமலை. "அதுக்குள்ள அந்த அம்மிணி ஒரு கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம். காணோம்னு குடுத்த பராதியும் முடிஞ்சுது."

"என்னன்னு கையெழுத்துங்க?"

"அவுரு சொந்த விருப்பத்துல போயிருக்காரு, எனக்குச் சந்தேகம் ஒண்ணுமில்லைன்னு."

"உங்களுக்குச் சந்தேகம் ஒண்ணுமில்லீங்களா?"

சென்னிமலை கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தாண்டுனா தமிழ்நாடு. ஓடுறவனெல்லாம் இந்தப் பக்கமாத்தான் ஓடுறானுங்க. சின்னார் செக்போஸ்ட் கேமராவுல வண்டி கீழ எறங்குறது தெரியுது. ஓட்டுறவன் மூஞ்சி தெரியல, கண்ணாடில வெயிலடிக்குது. பார்த்த சாட்சி வேற இருக்குது. நான் என்னத்தச் சந்தேகப்படறதுங்க?"

வராந்தா பெஞ்சில் செல்வப்பிரியா உட்கார்ந்திருந்தாள். மாரீஸ்வரனின் மனைவி, மோகனசுந்தரத்தை அமர்த்தியவள். தேயிலை ஃபேக்டரியில் பாக்கெட் போடுகிற வேலை. நகக் கண்களில் தேயிலைத் தூள் ஏறிப் பழுப்பாகியிருந்தது. அழுது முடித்த முகம்.

"நான் போட மாட்டேன், சார்," என்றாள். "அவரு என்னைய விட்டுட்டுப் போகலன்னு யாராவது ஒரு ஆளு நிரூபிச்சுக் குடுங்க. அது போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

மோகனசுந்தரம் தலையாட்டினான். தான் நிரூபிக்க விரும்புவது அதற்கு நேர் எதிரானது என்று சொல்லவில்லை.

அந்தச் சாட்சி அவள் பக்கத்திலேயே நின்றிருந்தான். நல்லதம்பி, எஸ்டேட் ரோடுகளில் டூரிஸ்டுகளை ஏற்றும் ஜீப் டிரைவர், மாரீஸ்வரனின் கூட்டாளி. அவளை மூணாறிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தவன் அவன்தான். கையில் அவளுக்காக ஒரு தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு முறை அவள் குடித்து முடித்ததும் வாங்கி மூடி வைத்துக்கொண்டான்.

மோகனசுந்தரம் அவனை எதிர் டீக்கடைக்கு அழைத்துப் போனான். உதவியாளன் சுடலைமணியும் கூடவே வந்து, யாரும் கேட்காமலே வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மூணாறு எஸ்டேட்டில் பிறந்து, சித்தூர் கல்லூரியில் சேர்ந்து, படிப்பை விட்டு, வாயை மட்டும் விடாதவன்.

"என்ன பார்த்தீங்க, சொல்லுங்க," என்றான் மோகனசுந்தரம்.

"சந்தையன்னைக்கு, சார். மாமனாருக்கு ஒரு கறவை மாடு பார்க்கலாம்னு வந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆம்னி நிக்குது. பின் சீட்டுல ஒரு பொம்பள, முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு. மாப்ள மாரீஸ்வரன் எறங்கி வந்து, 'பிரியாகிட்ட சொல்லிராத, நான் திருப்பூர் போறேன்'னான். தங்கச்சிகிட்ட இத எப்படிச் சொல்லுவேன்? ரெண்டு நாளு மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தேன்."

"எதுல வந்தீக, அண்ணே?" என்றான் சுடலைமணி.

"பஸ்ஸுல."

"மாடு வாங்க பஸ்ஸுலயா? திரும்பிப் போறப்ப மாட்டுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"வெலை படிஞ்சா லோடு வண்டில ஏத்தி விடலாம்னு, தம்பி. படியல."

சொன்னதில் தப்பில்லை. மோகனசுந்தரம் டீயை உறிஞ்சினான். "சந்தைக் கூட்டத்துல வெள்ளை ஆம்னி ஏகப்பட்டது நிக்குமே. அவரு வண்டிதான்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

நல்லதம்பி முதன்முறையாகச் சிரித்தான். "பாட்டு, சார். மாப்ள பாட்டில்லாம வண்டி ஓட்ட மாட்டான். அந்தக் கரகாட்டப் பாட்டு, அதத்தான் எப்பவும் போடுவான். இந்தப் பக்கம் நின்ன எனக்கே கணீர்னு கேட்டுச்சு. பாட்டக் கேட்டுத்தான் திரும்பியே பார்த்தேன்."

நல்ல சாட்சி. சுற்றி வளைக்காத, உறுத்தாத சாட்சி. திருப்பூர், பின் சீட்டில் ஒரு பெண், வண்டியில் பாட்டு. மாரீஸ்வரன் அயோக்கியன்தான். இந்த வேலை கைக்கு வந்த பிறகு மோகனசுந்தரத்துக்கு முதல் தடவையாக வடை ருசித்தது.

வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று நினைத்தான்.

ஆம்னிக்குள் வெயிலில் வெந்த ரெக்ஸின் நாற்றம். வண்டியிலேயே கிடைத்த சாவியை ஏட்டிடம் வாங்கி வந்த சுடலைமணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுக்குப் பேரு ஸ்டீரியோவா? பொக்கை வாயால்ல இருக்கு."

உண்மைதான். பட்டன் ஒன்றுகூட இல்லை. இருந்த இடங்களில் ஓட்டைகள். குமிழ் இருந்த இடத்தில் ஒரு மொட்டைக் கம்பி. சிடி வாயில் ஒரு சிடி பாதி விழுங்கிய நிலையில் சிக்கியிருந்தது. பென் டிரைவ் சொருகும் துளை பச்சை பிடித்துக் கிடந்தது.

"கேசட்டுக்கும் ப்ளூடூத்துக்கும் நடுவுல பொறந்த பய," என்றான் சுடலைமணி. "ரெண்டு பக்கமும் பொண்ணு குடுக்கல."

"சாவியப் போடுறா."

சாவி திரும்பியதும் ரேடியோ அலறியது. கோயமுத்தூர் எஃப்.எம். ஒன்றில் ஒரு பெண் பட்டுப்புடவைத் தள்ளுபடியைப் பற்றிக் கத்தினாள். இருவரும் துள்ளி விழுந்தார்கள்.

"நிறுத்துறா!"

"எத வச்சு நிறுத்த? குமிழே இல்ல. சாவிய உருவுனாத்தான் வாய மூடும் போல."

உருவினான். அமைதி. மோகனசுந்தரம் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தான். வண்டிக் காகிதங்கள், ஒரு சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புக் குச்சி. அதன் வாயில் ஒரு பென் டிரைவ் குத்தப்பட்டிருந்தது.

"இதென்னடா?"

"மாடுலேட்டர், அண்ணாச்சி. ஸ்டீரியோ செத்துப்போனவனுக்கெல்லாம் இதுதான் கதி. சிகரெட் லைட்டர் துளையில சொருகணும். இது ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். பென் டிரைவ்ல இருக்கிற பாட்ட ஒரு நம்பர்ல அனுப்பும். வண்டி ரேடியோவ அதே நம்பர்ல வச்சா பாட்டு கேக்கும். எங்க ஊருல பாதி ஜீப்புல இதுதான்."

"அப்ப அந்தப் பொம்பள கத்துறாளே, அவ எந்த நம்பர்?"

சுடலைமணி மொட்டைக் கம்பியை நகத்தால் திருகிப் பார்த்தான். அது அசையவில்லை.

மோகனசுந்தரம் வராந்தாவுக்கு நடந்தான். நல்லதம்பி இன்னும் டீக்கடையில் இருந்தான்.

"அம்மிணி, இந்த வண்டி ஸ்டீரியோ எப்பருந்து இப்பிடி?"

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "போன மழையில தண்ணி எறங்கிருச்சு, சார். ஒண்ணொண்ணா போச்சு. மெக்கானிக்கு தூக்கி எறிஞ்சிட்டு புதுசு போடுன்னாரு. இவருக்கு மனசு வரல. ரேடியோ மட்டும் ஒரே நம்பர்ல நின்னு போச்சு, மாத்தவே முடியாது. அதுக்குத்தான் அந்தக் குச்சிய வாங்கி அதே நம்பர்ல வச்சாரு. எங்க பக்கம் மலையில ஒரு ஸ்டேஷனும் எடுக்காதுல்ல, நம்பரு காலியாக் கெடக்கும். பாட்டு நல்லாத்தான் கேக்கும்."

"கீழ எறங்குனா?"

"கீழ வந்தா கேக்காது, சார். சின்னார் தாண்டி சமவெளிக்கு வந்தாலே ரேடியோக்காரன் உள்ள பூந்துருவான்னு திட்டுவாரு. ரெண்டும் சண்ட போடும், ஒண்ணும் புரியாது. அதுக்குன்னே ஒரு உருண்ட ஸ்பீக்கர் வச்சிருக்காரு. பொள்ளாச்சி ட்ரிப்பு, கோயமுத்தூர் ட்ரிப்புன்னா அத சார்ஜு போட்டு எடுத்துக்கிடுவாரு. சோத்து டப்பாவ மறந்தாலும் அத மறக்க மாட்டாரு."

"வண்டில ஸ்பீக்கர் ஒண்ணும் இல்லியே, அம்மிணி."

"வீட்டுலதான கெடக்கு," என்றாள். "சார்ஜுல போட்ட மேனிக்கே கெடக்கு. நான் அந்த ப்ளக்க உருவல."

மோகனசுந்தரம் நின்ற இடத்தில் நின்றான். பின்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்த சுடலைமணி அவன் கையைப் பிடித்து லாரிகளின் மறைவுக்கு இழுத்துப் போனான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணாச்சி! அந்த ஆளு கீழ வரணும்னு கிளம்பவே இல்ல. ஸ்பீக்கர் வீட்டுல. இந்த ஊருல அந்த வண்டில பாட்டுப் பாடவே முடியாது. நல்லதம்பி கணீர்னு கேட்டேங்கான். புளுகு! திருப்பூரும் புளுகு, பொம்பளயும் புளுகு. அக்கா கேட்டாகல்ல, விட்டுட்டுப் போகலன்னு நிரூபிக்கச் சொல்லி? நிரூபிச்சாச்சு!"

"ஆமா."

"பெறகு ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது?"

"வண்டி கீழ வந்துருச்சு, மணி. அவன் வரல. அப்ப அவன் எங்க?"

சுடலைமணியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

திருப்பூர் லைன் வீடு போய்விட்டது. முந்தானையால் முகம் மூடிய பெண் போய்விட்டாள். மோகனசுந்தரம் இத்தனை நாளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த அயோக்கியன் இப்போது இல்லை. நல்லவன் மட்டும் மிச்சம்.

நல்லதம்பியை ஆம்னிக்குக் கூட்டி வரச் செய்தான். சென்னிமலையையும் அழைத்தான். செல்வப்பிரியா வர வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். அதற்குள் அவளே எழுந்து வந்துவிட்டாள்.

"ஒரு சின்ன உதவிங்க, நல்லதம்பி. சந்தையன்னைக்கு நீங்க கேட்ட பாட்ட ஒருக்கா போட்டுக் காமிங்க. ஏட்டய்யா கேக்கணும்கறாரு. எழுதறதுக்கு."

"அதுக்கென்ன, சார்."

டிரைவர் சீட்டில் ஏறினான். பெட்டியைத் திறந்து மாடுலேட்டரை எடுத்தான். எங்கே இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. துளையில் சொருகினான், நம்பரைப் பார்க்கவில்லை. மலையில் யாரும் நம்பரைப் பார்ப்பதில்லை. வாங்கிய அன்று வைத்ததோடு சரி. அவன் ஜீப் எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்கியதே கிடையாது.

சாவியைத் திருப்பினான்.

பட்டுப்புடவை மறுபடியும் வந்தது. அதன் அடியில் எங்கோ ஒரு நாதஸ்வரம் கீச்சென்று தலைகாட்டி அமுங்கியது. ஒரு தவில் அடி. பிறகு கரகரப்பு. பிறகு ஒரு நகைக்கடை. நல்லதம்பி மாடுலேட்டரைப் பிடுங்கித் திரும்பக் குத்தினான். இன்னும் அழுத்தினான். சிரிக்கும் ரேடியோக்காரனின் குரலுக்குள் கரகாட்டப் பாட்டு மூச்சு முட்டியது.

"கணீர்னு கேக்குதுங்களா?" என்றான் மோகனசுந்தரம்.

நல்லதம்பி கையைப் பின்னிழுத்துக்கொண்டான்.

"இந்த வண்டி ரேடியோ ஒரே நம்பர்ல நின்னு போச்சுங்க. உங்க மலையில அந்த நம்பரு காலி. இங்க அது கோயமுத்தூர்க்காரன் எடம். சந்தைத் திடல்ல நின்னுட்டு அந்தப் பாட்ட நீங்க கேட்டிருக்க முடியாது. மாரீஸ்வரனாலயே இங்க போட்டிருக்க முடியாது. அது அவருக்கு நல்லாத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

"அன்னைக்கு ஒருவேள வேற..."

"எப்பவும் லைட்டர் துளையில இருக்கற குச்சி பெட்டிக்குள்ள கெடந்தது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

சென்னிமலை வண்டிக் கதவருகே நகர்ந்து நின்றார். நல்லதம்பி சாவியை உருவினான். மடியில் கை வைத்துக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்தபடி பேசினான்.

"சாவியப் போட்டதும் அவன் பாட்டு ஆரம்பிச்சுச்சு, சார். விட்ட எடத்துலேருந்து. என்னால தாங்க முடியல. பிடுங்கி உள்ள போட்டேன். கொஞ்ச தூரம் சும்மா இரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கீழ வந்ததும் இந்தக் கத்தல். குச்சி இல்லாததாலதான் இப்பிடின்னு நெனச்சேன்."

"எங்கருந்து சாவியப் போட்டீங்க?"

"மேல. எஸ்டேட்டுல, பழைய டிவிஷன் வளைவுல." மலைப் பக்கம் கை காட்டினான். "மழை பெஞ்ச சகதி. என் ஜீப்பு ஏறல. இவன் வழியில வந்தான். அவன் ஆம்னிய நிறுத்திட்டு, உன் ஜீப்பு பின் டயருக்குக் கல்லு வைக்கிறேன் மாப்ளன்னு போனான். பிரேக்கு பிடிக்கல. உருண்டுருச்சு. அவனோட பள்ளத்துக்கு... ஜீப்பு ஒரு மரத்துல நின்னுருச்சு. அவன் நிக்கல."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"எனக்கு லைசென்ஸ் இல்ல, சார். போன சீசன்ல ஒரு டூரிஸ்ட விழவச்சதுக்குப் பிடுங்கிட்டாக. இன்னொன்னுன்னா ஜெயிலு. எனக்கும் ரெண்டு புள்ள..." நிறுத்திக்கொண்டான். "அவன் ஓடிப்போனதா இருந்துட்டா யாரும் மேல தேட மாட்டாகன்னு நெனச்சேன்."

"போன் எங்க?"

"வழியில ஆத்துல வீசிட்டேன்."

சென்னிமலை கை நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். அவன் திமிறவில்லை. பிடிபட்டவனின் முகத்தில் ஒரு சோர்வு மட்டும்தான் இருந்தது. ஒரு வாரமாகத் தூங்காதவனின் சோர்வு.

செல்வப்பிரியா கதவருகே வந்தாள்.

"அண்ணே," என்றாள். பழக்கத்தில் வந்த சொல். "கீழ விழுந்த பெறகு, அவரு கூப்பிட்டாரா?"

நல்லதம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல. கூப்பிட்டாரா?"

"ஆமா, தங்கச்சி."

"எம்புட்டு நேரம்?"

"அக்கா, வேணாம்க்கா," என்றான் சுடலைமணி. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"நான் கிளம்புற வரைக்கும்," என்றான் நல்லதம்பி.

மணல் லாரிகளுக்கு மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது. மோகனசுந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்தான், ஒரு வாரம், மழை, பள்ளம், மலைக் குளிர். பாதியில் நிறுத்திவிட்டான். மூணாறு ஸ்டேஷனுக்குப் போன் செய்ய வேண்டும். தேடுவதற்கு ஆட்களும் கயிறும் ஓர் ஆம்புலன்ஸும் வேண்டும் என்று சொல்ல வேண்டும். எதற்கு ஆம்புலன்ஸ் என்று அங்கே கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டிருந்தான்.

செல்வப்பிரியா முகத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். சென்னிமலையிடம் போனாள்.

"ஏட்டய்யா, அந்தக் காகிதத்தக் குடுங்க."

"எந்தக் காகிதம்மா?"

"கையெழுத்துப் போடச் சொன்னீங்கள்ல, அது. போட்டுத் தாரேன்."

"அம்மிணி, இனி அது..."

"அவரு ஓடித்தான் போனாரு," என்றாள். "திருப்பூருக்கு. எவளோடயோ உசுரோட இருக்காரு. வண்டிய இங்க விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்குச் சந்தேகம் ஒண்ணுமில்ல. அப்பிடியே எழுதுங்க. மூணு மணிக்கு முந்தி போட்டாப் போதும்னீங்கள்ல? இன்னும் மணி ஆகல."

சென்னிமலை மோகனசுந்தரத்தைப் பார்த்தார். மோகனசுந்தரம் தரையைப் பார்த்தான்.

அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.